கும்பிட்ட கை

‘பெரட்டுக்களம்’ தொடர் – 14

என் தாத்தாவுக்குத் தன் வயது தெரியாது. பிறந்த திகதி எழுதிய காகிதம் ஒன்றும் அவரிடம் இருந்ததில்லை. யாராவது கேட்டால், "தொண்டமான் ஐயாவுக்கு ரெண்டு வருசம் மூத்தவன்" என்பார். சௌமியமூர்த்தி தொண்டமான் பிறந்தது 1913 ஓகஸ்ட் 30. அந்தக் கணக்கை வைத்துத்தான் தோட்டத்து டிஸ்பென்சரித் துண்டிலும், கடைசியில் கருமாதிப் பத்திரிகையிலும் தாத்தாவின் வயதை எழுதினோம்.

போன கிழமை காமன் கூத்தோடு நிறுத்தியிருந்தேன். அந்தக் கூத்துக்குத் தீ மூட்டிக் கொடுத்த கை, வருஷம் முழுக்கக் கோயில் சாவியை வைத்திருந்த கை, தாத்தாவுடையது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தொண்டமானும் கூடவே வந்துவிடுகிறார். இரண்டு பேரும் சந்தித்துப் பேசியதில்லை. ஒருவர் தோட்டத்துச் சொந்தக்காரரின் மகன், அமைச்சர். மற்றவர் செக்ரோலில் ஒரு நம்பர். ஆனாலும் எங்கள் வீட்டில் "பெரியவர்" என்று யாராவது சொன்னால், எந்தப் பெரியவர் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும்.

தொண்டமானின் தகப்பனார் கருப்பையா, இராமநாதபுரம் சீமையில் முனப்புதூரைச் சேர்ந்தவர். இன்றைக்கு அது சிவகங்கை மாவட்டம். பிழைப்புத் தேடி வந்து, கங்காணியாகி, பிறகு இறம்பொடையில் வெவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். வெள்ளைக்காரத் துரைமார் மட்டுமே சொந்தம் கொண்டாடிய மலையில் ஒரு கங்காணி தோட்டம் வாங்கினார் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய பேச்சாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மகனுக்கு அவர் வைத்த பெயர் சௌமியமூர்த்தி. அந்தப் பக்கத்தவர்களுக்குச் சௌமியம் என்ற சொல்லைக் கேட்டதும் திருக்கோஷ்டியூர் சௌமிய நாராயணப் பெருமாள்தான் கண்முன் வருவார். மகன் பள்ளிப் பருவத்தில் இங்கே வந்து கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியில் படித்தார். காந்தியடிகள் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து மலையகத்துக்கும் ஏறி வந்தபோது தொண்டமானுக்கு வயது 14.

கிட்டத்தட்ட அதே காலத்தில் தாத்தாவும் வந்தார். மண்டபம் முகாமில் அடைத்து வைத்து, ஊசி குத்தி, துணியெல்லாம் ஆவியில் வேகவைத்துக் கொடுத்து, தலைமன்னாரில் கோச்சி ஏற்றினார்கள். அவருடைய தகப்பனார் இடுப்பு முடிச்சில் ஒரு பிடி மண் இருந்தது. ஊர் முருகன் கோயில் வாசலில் அள்ளிய மண். முகாமில் துணியை அவிழ்க்கச் சொன்னபோது, அந்த முடிச்சை மகனிடம் கொடுத்து வாய்க்குள் அடக்கிக்கொள்ளச் சொன்னாராம். "ஆறு நாளும் சோறு திங்கிற நேரம் தவிர சாமி என் வாயிலதான் இருந்துச்சு" என்பார் தாத்தா. சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். பிடிமண் என்றால் என்ன என்று புரிந்த வயதில் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் தோட்டம் நானுஓயாவுக்குக் கீழே. அங்கே லயத்துக்கு மேல்புறம் ஒரு சவுக்கு மரத்தடியில் அந்த மண்ணைப் போட்டு, மேலே ஒரு கல்லை நட்டார்கள். கல்லுக்கு ஒரு வேல். வேலுக்குத் தகரக் கூரை. கூரைக்குப் பிறகு சுவர். கோயில் வளர்ந்த கதை இவ்வளவுதான். எத்தனையோ தோட்டத்துக் கோயில்கள் இப்படித்தான் வந்தன. மாதச் சம்பளத்தில் கோயிலுக்கென்று செக்ரோலில் வெட்டிய காசில் எழுந்த கோயில்கள். கோயில் என்று சொல்லிக்கொள்ள முடியாத இடங்களிலும் சாமி இருந்தது. ஃபெக்டரி ரோதைக்கு ரோதைமுனி, கவ்வாத்து வெட்டப் போகும் மலைக்குக் கவ்வாத்துச்சாமி. புது மலையில் கொழுந்தில் கை வைக்கும் முன் "பொலி, பொலி" என்று குரல் கொடுக்காமல் ஒரு பெண்ணும் கிள்ளமாட்டாள். வேலையையும் சாமியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத சனம்.

தாத்தா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பீலித் தண்ணீரில் குளிப்பார். நுவரெலியாக் குளிரில், மார்கழியில் புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கும் காலையிலும் அதே தண்ணீர்தான். ஈர வேட்டியோடு போய்க் கோயிலைத் திறந்து, விளக்கேற்றி, மணி அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாயத்தண்ணீர் குடிப்பார். அதற்குள் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்பு கேட்கும். தப்புச் சத்தம் கேட்டதும் அவர் முகம் மாறிவிடும். கோயிலில் நிமிர்ந்து நின்றவர், பெரட்டுக்களத்தில் தோள் குறுகி நிற்பார். துரை வந்தால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சலாங்க" என்று கும்பிடுவார். நான் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரத்துக்கு முன்னால் முருகனுக்கு முன்னே கூப்பிய அதே கை, அதே உயரம், நெஞ்சுக்கு நேரே. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் கேட்டும்விட்டேன். "சாமியும் தொரையும் ஒண்ணா தாத்தா?" அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கை ஒண்ணுதானேப்பா இருக்கு" என்றார்.

தொண்டமானின் பொதுவாழ்க்கை முழுவதையும் இங்கே எழுத இடம் போதாது. ‘தேயிலையும் அரசியலும்’ என்று பொருள்படும் தலைப்பில் அவரே தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். நேரு 1939 ஜூலையில் வந்துபோனதை ஒட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. தொண்டமான் கம்பளைக் கிளையிலிருந்து மேலே வந்தார். பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது அந்த அமைப்புத்தான். 1947 தேர்தலில் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. தாத்தாவும் அந்தத் தேர்தலில் வாக்களித்தார். அவருக்கு வயது 36 இருந்திருக்கும். அடுத்த வருஷம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தும் போன வாக்குத் திரும்பவில்லை. மலையேறி வந்து காட்டை வெட்டித் தேயிலை நட்ட ஓர் இனத்தை ஒரு சட்டத்தால் ஆளில்லாத கூட்டமாக்கிவிட்டார்கள். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

1964 ஒக்டோபர் 30. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கு போட்டன. போகிறவர்களிடமும் இருக்கிறவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. தொண்டமானையும் கலந்துகொள்ளாமல்தான் செய்தார்கள். அவர் இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. மிச்சம் வைத்த 150,000 பேரையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டிலும் பங்கு விழுந்தது. தாத்தாவின் தம்பி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். எழுபதுகளின் நடுவில், தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. மரவள்ளிக்கும் வழியில்லாமல் கீரையை அவித்துக் குடித்த லயங்கள் இருந்தன. சின்னத் தாத்தாவைக் குறை சொல்ல முடியாது. ஹட்டன் ஸ்டேசனிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சிக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. வண்டி நகர்ந்ததும் மேடையிலும் பெட்டியிலும் ஒரே நேரத்தில் ஒப்பாரி எழும். தாத்தா ஸ்டேசனுக்குப் போகவில்லை. தம்பி அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். "நீயும் எழுதிக் குடுத்துரு அண்ணே, ஊர்ல போயிச் சாவோம்." தாத்தாவின் பதிலை அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். "சாமியக் கொண்டாந்து இங்க வச்சது யாரு? நம்ம அய்யா. மண்ண வாயில சொமந்தது யாரு? நான். வச்ச சாமிய உட்டுட்டு நான் எந்த ஊருக்குப் போறது?"

ஆகவே இலங்கைக்கு மனுப் போட்டார். பதில் வரவில்லை. 300,000 என்று ஒதுக்கிய இடத்துக்கு அதைவிட இரண்டு மடங்கு சனம் மனுப் போட்டிருந்தது. இந்தியாவுக்கும் எழுதிக் கொடுக்காமல், இலங்கையும் எடுத்துக்கொள்ளாமல் நடுவில் நின்ற கூட்டத்தில் தாத்தாவும் ஒருவரானார். நாடற்றவர். ரேசன் கூப்பன் உண்டு. சேமலாப நிதிக் கழிவு உண்டு. தோட்டத்துக் கோயிலின் சாவி உண்டு. நாடு மட்டும் இல்லை.

இனி 1986க்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தை எழுதுவதே அந்தத் தை மாதத்துக்காகத்தான்.

தொண்டமான் 1977இல் நுவரெலியா – மஸ்கெலியாவின் மூன்றாவது உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்குத் திரும்பியிருந்தார். அடுத்த வருஷம் அமைச்சர். 1984 வேலைநிறுத்தத்தில் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் வாங்கிக் கொடுத்திருந்தார். என் அம்மா அதை இன்றும் கையெடுத்துச் சொல்வார். நாடற்றவர் பிரச்சினை மட்டும் அப்படியே கிடந்தது. 1977, 1981, 1983 என்று மூன்று தடவை லயங்களுக்குத் தீ வைத்திருந்தார்கள். வடக்கில் யுத்தம். அந்த நேரத்தில் மலையகத்தில் வேலைநிறுத்தம் என்று ஒரு சொல் விழுந்தால், கத்தியும் பெற்றோலும் எங்கிருந்து வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் இ.தொ.கா.வின் அறிவிப்பு வந்தது. தைப்பொங்கல் முதல் பிரார்த்தனை இயக்கம். காலையில் மலைக்குப் போக வேண்டாம். கோயிலுக்குப் போங்கள். நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை கிடைக்க வேண்டுமென்று வழிபடுங்கள். நண்பகலுக்குப் பிறகு வேலைக்குப் போங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. பொங்கல் கழிந்த அடுத்த நாள் காலை. பெரட்டுத் தப்பு வழக்கமான நேரத்துக்கு அடித்தது. ஆனால் பெரட்டுக்களத்தில் அடிக்கவில்லை, கோயில் வாசலில் அடித்தார்கள். பனிமூட்டத்தில் சவுக்கு மரம் பாதிதான் தெரிந்தது. பெண்கள் கொழுந்துக் கூடைகளை இஸ்தோப்பில் கவிழ்த்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். பிள்ளைக் காம்பராவில் விடும் கைக்குழந்தைகளையும் தூக்கி வந்தார்கள். கவ்வாத்து ஆட்கள் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். தோட்டத்துத் தலைவர் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தார். தாத்தா குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஈர வேட்டியோடு உள்ளே நின்றார். அவர் மணி அடிக்கத் தொடங்கியதும் யாரோ ஒரு பாட்டி முருகன் பாட்டெடுத்தாள். அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள். எங்கள் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை. திருவிழாவில்கூட ஆண்கள் ஒரு பக்கம் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

எட்டு மணியிருக்கும். துரையின் ஜீப் வந்தது. கீழ் வளைவில் ஏறும்போதே அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டால் விளையாடுகிற பிள்ளைகள் ஓடி ஒளிவோம், பெரியவர்கள் எழுந்து துண்டை எடுப்பார்கள். ஜீப் கோயிலுக்குக் கீழே நின்றது. துரை இறங்கினார். பின்னால் பெரிய கணக்கப்பிள்ளை. நான் தாத்தாவைத்தான் பார்த்தேன். அவர் கை கூப்பியிருந்தது. எல்லோருடைய கையும் கூப்பியிருந்தது. ஒருவரும் திரும்பவில்லை. துரை கொஞ்ச நேரம் நின்றார். அவரைத் திட்ட ஒருவரும் இல்லை, கோஷம் போட ஒருவரும் இல்லை. கும்பிட்ட கைகள் இருநூற்றுக்கு மேல் இருந்தன, அவரைப் பார்த்து ஒரு கைகூட இல்லை. பிறகு அவர் சப்பாத்தைக் கழற்றினார். கழற்றிவிட்டு, வாசற்படிக்கு வெளியிலேயே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தீபாராதனை முடிந்து தாத்தா கற்பூரத் தட்டோடு வெளியே வந்தபோது, வரிசைப்படி ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு போய், கடைசியில் துரைக்கும் நீட்டினார். அவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாத்தா தோளைக் குறுக்கவில்லை. கோயில் படியில் நின்றதால் துரையைவிட ஓர் அடி உயரத்தில் இருந்தார்.

அதைத் தவிர அன்று ஒன்றும் நடக்கவில்லை. மதியம் எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.

தொண்டமானின் அரசியல் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இயக்கத்தை ஒரு தந்திரம் என்பார்கள். சாமி கும்பிடுவதைத் தடை செய்ய எந்த அரசாங்கத்தாலும் முடியாது, அதனால் இந்த வழியைத் தேர்ந்தார் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அன்று கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், அது மட்டுமே உண்மை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கச் சொன்னால் தாத்தாவுக்குக் கை நடுங்கியிருக்கும். விளக்கேற்றச் சொன்னதால் நடுங்கவில்லை. அறுபது வருஷமாக ஒவ்வொரு விடியலும் செய்துவந்த ஒன்றை, இதுதான் உன் போராட்டம் என்று ஒருவர் வந்து சொன்னார். தோட்டத்துக் கோயில்களுக்கு நடுவில் வளர்ந்த மனிதருக்குத்தான் அந்த எண்ணம் தோன்றியிருக்கும். கொழும்பில் பிறந்து வளர்ந்த தலைவருக்குத் தோன்றியிருக்காது.

மூன்று மாதத்துக்கென்று அறிவித்த வழிபாடு அத்தனை நாள் நடக்கத் தேவைப்படவில்லை. அரசாங்கம் இறங்கி வந்தது. 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், நடுவில் நின்ற 94,000 பேரையும் இலங்கையின் கணக்கில் சேர்த்தது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 375,000உடன் சேர்த்து 469,000. 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம், மனு, விசாரணை என்ற இழுத்தடிப்பைக் குறைத்தது. ஒப்பந்தத்தில் இந்தியாவின் பங்கில் விழுந்தும் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தைப் பார்க்கத் தொண்டமான் உயிரோடு இல்லை.

தொண்டமானிடம் குறையே இல்லை என்று நான் எழுதமாட்டேன். வந்த அரசாங்கத்தோடெல்லாம் சேர்ந்தார் என்ற பேச்சில் நியாயம் உண்டு. தோட்டச் சொந்தக்காரரே தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்ததைக் கடைசிவரை ஏற்காதவர்கள் மலையகத்தில் உண்டு. தலைமை அவர் வீட்டுக்குள்ளேயே நின்றது. அவருக்குப் பின் பேரன் ஆறுமுகன், 2020 மே மாதம் ஆறுமுகன் மறைந்த பின் அவர் மகன் ஜீவன். லயத்துக் காம்பராக்கள் இன்னும் காம்பராக்களாகவே இருக்கின்றன என்பதையும் நான் மறக்கவில்லை. இவை எல்லாவற்றையும் தாத்தாவிடம் சொல்லி வாதாடியிருக்கிறேன். கல்லூரிக்குப் போய்ப் புத்தகம் படித்து வந்த திமிரில், குரலை உயர்த்தியும் பேசியிருக்கிறேன். அவர் என்னை வெட்டிப் பேசமாட்டார். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்பா. ஆனா எனக்கு ஒரு நாடு வாங்கிக் குடுத்தது யாரு?" என்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

1994 தேர்தலில் தாத்தா வாக்களித்தார். முன்பு அவர் போட்ட வாக்கு 1947இல். இடையில் 47 வருஷம். தோட்டத்துப் பாடசாலையில் வாக்குச்சாவடி. நான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். வெளியே வந்ததும் சின்ன விரலில் பூசிய மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்கு வரவில்லை. நேரே கோயிலுக்குப் போய், நடை சாத்தியிருந்த நேரத்தில், வெளியில் நின்றபடியே கும்பிட்டார். குளிக்காமல் கோயில் பக்கம் போகாத மனிதர். அன்று ஒரு நாள்தான் அப்படிப் போனார்.

வெவண்டன் மலையில் இன்றைக்குப் பேருருவ ஆஞ்சநேயரோடு ஒரு கோயில் நிற்கிறது. சின்மயா மிஷன் கட்டியது. நுவரெலியாவுக்கு ஏறும் பஸ்ஸில் இறம்பொடையைத் தாண்டும்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறார்கள்.  அந்த வெவண்டனைச் சேர்ந்த தொண்டமான் 1999 ஒக்டோபர் 30ஆம் திகதி கொழும்பில் காலமானார். 86 வயது. எங்களைக் கேட்காமல் எங்களைப் பங்கு போட்ட ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக 35 வருஷம் நிறைந்த நாள். அந்தத் திகதிப் பொருத்தம் தாத்தாவுக்குத் தெரிந்திருக்காது. நான்தான் பின்னால் கவனித்தேன்.

வானொலியில் செய்தி வந்தபோது அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். உரலைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த கோயில் சாவியை எடுத்து வந்து என் அப்பாவிடம் நீட்டினார்.

"மேட்டு லயத்துப் பூசாரிகிட்ட குடுத்துரு. பதினாறு நாளைக்கு நான் வரமுடியாது."

"ஏன் அய்யா, மேலுக்கு முடியலையா?"

"தீட்டு" என்றார். "வீட்டுல பெரியவரு போயிட்டாரு."

எழுபது வருஷத்துக்கு மேல் ஒரு விடியலும் விளக்குத் தவறாத மனிதர், பதினாறு நாளும் கோயில் பக்கம் தலைவைக்கவில்லை. நான்கு மணிக்கு எழுந்து, பீலியில் குளித்து, ஈர வேட்டியோடு இஸ்தோப்பில் உட்கார்ந்து, மேலே யாரோ அடிக்கும் மணியைக் கேட்டுக்கொண்டிருப்பார். பதினேழாம் நாள் விடியலில் எனக்கு முழிப்பு வந்தபோது ஆணியில் சாவி இல்லை.